மாடி ஆனிங்: துணிக்கு முன் சுவரைப் பாருங்கள்

ஆனிங் வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் நிறத்தில்தான் தொடங்குகிறார்கள். ஆனால் ஐந்தாறு வருடம் கழித்து வரும் தொல்லைகளுக்கும் நிறத்துக்கும் பெரிதாகச் சம்பந்தம் இருக்காது. சுவரில் பிடித்த போல்ட் இளகியிருக்கும், அல்லது வாட்டம் போதாமல் துணி தொய்ந்திருக்கும். அதனால் செலவையும் கவனத்தையும் முதலில் சுவருக்குக் கொடுங்கள்.

4 மீட்டர் அகலமும் சுவரிலிருந்து 3 மீட்டர் நீளமும் உள்ள மடக்குக் கை ஆனிங்கை எடுத்துக்கொள்வோம். மொத்தம் 12 சதுர மீட்டர் துணி. மணிக்கு 38 கிலோமீட்டர் வேகக் காற்று சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 7 கிலோ எடைக்குச் சமமாக அழுத்தும். மொத்தம் 80 கிலோவைத் தாண்டும். அந்த விசை சுவரிலிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளி விழுகிறது. தகட்டின் மேல் போல்ட்டுக்கும் கீழ் போல்ட்டுக்கும் இடைவெளி 15 சென்டிமீட்டர்தான் என்றால், நெம்புகோல் கணக்கில் அது பத்து மடங்காகிறது. அதாவது, மேல் வரிசை போல்ட்டுகள் எல்லாம் சேர்ந்து 800 கிலோவுக்கு மேல் இழுவையைத் தாங்க வேண்டும். சிமென்ட் பூச்சு இதில் ஒரு கிலோகூடத் தாங்காது. போல்ட் நீளத்தைப் பூச்சுக்கு உள்ளே இருக்கும் கான்கிரீட்டிலிருந்தோ செங்கல்லிலிருந்தோதான் கணக்கிட வேண்டும்.

கான்கிரீட் பீம் கிடைத்தால் அதுவே முதல் தேர்வு. ஹாலோ பிளாக் சுவரில் விரியும் ஆங்கர் போல்ட் வேண்டாம், பிளாக்கின் மெல்லிய ஓட்டை உடைத்துவிடும். வலைக்குழாய் செருகி கெமிக்கல் ஆங்கர் போடச் சொல்லுங்கள். துளையிட்டதும் உள்ளே இருக்கும் தூசியைத் தூரிகையால் தேய்த்து ஊதி எடுத்தார்களா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். தூசி இருந்தால் பசை சுவரைப் பிடிக்காது. மாடிக் கைப்பிடிச் சுவரில் ஆனிங் மாட்டவே கூடாது. மேலே பாரம் இல்லாத சுவர் அது, இழுத்தால் சாயும். தகடுகள் கைகள் தொடங்கும் இடத்துக்கு நேராகவோ ஒட்டியோ இருக்க வேண்டும். துளையிட வசதியான இடமாகப் பார்த்துத் தள்ளி வைத்தால் சட்டம் முறுக்கிக்கொள்ளும். மாட்டி ஒரு மாதம் ஆனதும் எல்லா போல்ட்டையும் ஒருமுறை இறுக்கிப் பார்த்துவிட்டு, பிறகு வருடத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும்.

காற்றைத் தாங்கும் திறனை விற்பவரிடம் வாய்வார்த்தையாகக் கேட்காதீர்கள். ஐரோப்பிய தர விதி ஈஎன் 13561-இல் இதற்கு வகுப்புகள் உண்டு. இரண்டாம் வகுப்பு என்றால் மணிக்கு 38 கிலோமீட்டர் வரை. அந்த வகுப்பு முழு நீளத்துக்கு விரித்த நிலையில் கொடுத்ததா என்பதையும் கேளுங்கள், கொஞ்சம் சுருட்டிய நிலைக்கு மட்டும் பொருந்துவதாகவும் இருக்கலாம்.

மழையும் படும் என்றால் வாட்டம் 14 டிகிரிக்குக் குறையக் கூடாது. மீட்டருக்கு 25 சென்டிமீட்டர் இறக்கம். 3 மீட்டருக்கு 75. முன் சட்டம் தலையில் இடிக்காமல் 2.1 மீட்டர் உயரத்தில் நிற்க வேண்டுமானால், சுவரில் 2.85 மீட்டர் உயரம் வேண்டும். இந்த உயரம் இல்லாத இடங்களில்தான் வாட்டத்தைக் குறைத்து மாட்டிவிடுகிறார்கள். ஒரு சதுர மீட்டரில் 1 சென்டிமீட்டர் நீர் தேங்கினாலே 10 கிலோ. அந்த எடையில் இழுபட்ட துணி பழையபடி இறுகாது. அடுத்த மழைக்குக் குழி இன்னும் பெரிதாகும். சரியான வாட்டம் இருந்தாலும் தூறலுக்குத்தான் ஆனிங், கனமழைக்கு இல்லை.

நிழல் கணக்கிலும் பலர் ஏமாறுகிறார்கள். மேலே சொன்ன அளவில், நேர் எதிரே சூரியன் 60 டிகிரி உயரத்தில் இருந்தால் சுவரிலிருந்து 1.8 மீட்டர் தரை நிழலில் இருக்கும். 45 டிகிரிக்கு இறங்கினால் 90 சென்டிமீட்டர்தான். 30 டிகிரியில் தரை முழுக்க வெயில். மேற்கு பார்த்த மாடிக்கு நீளத்தைக் கூட்டிப் பயனில்லை, முன் சட்டத்திலிருந்து கீழே இறங்கும் திரை வைத்த மாடல்தான் உதவும்.

துணியைப் பொறுத்தவரை, இழை உருவாகும்போதே நிறம் ஏற்றிய அக்ரிலிக், சதுர மீட்டருக்கு 300 கிராம் அளவில், நிறம் மங்காமல் நீண்ட நாள் வரும். பிவிசி பூச்சுத் துணி நீரை முழுதாகத் தடுக்கும், ஆனால் அடியில் வெப்பம் தேங்கும். எந்தத் துணியானாலும் சாதாரண பாலியஸ்டர் நூலில் தைத்திருந்தால் துணிக்கு முன்பே தையல் வெயிலில் இற்றுவிடும். பிடிஎஃப்இ நூல் கேட்டு வாங்குங்கள். தையலோரம் விழும் சுருக்கங்கள் குறையல்ல. அங்கே துணி இரண்டு மடிப்பாகச் சுருளுவதால் வருவது.

ஈரத்தோடு சுருட்ட நேர்ந்தால் ஓரிரு நாளுக்குள் விரித்துக் காயவையுங்கள், இல்லையென்றால் பூசணம் பிடிக்கும். கழுவ மென்மையான தூரிகை, மிதமான சோப்பு, வெதுவெதுப்புக்கு மேல் போகாத தண்ணீர் போதும். பிரஷர் வாஷர் நீர்விலக்குப் பூச்சை உரித்துவிடும். அக்ரிலிக்கில் பூசணம் வந்துவிட்டால் 4 லிட்டர் தண்ணீரில் ஒரு கப் வீட்டு பிளீச்சும் கால் கப் சோப்பும் கலந்து, 15 நிமிடம் விட்டு, சோப்பு எச்சம் துளியும் இல்லாமல் அலசுங்கள். மற்ற துணிகளுக்கு இது கூடாது. அதன்பின் நீர்விலக்கு ஸ்பிரே மறுபடி அடிக்க வேண்டும். கைகளின் மூட்டுக்கு எண்ணெய் விடாதீர்கள், தூசி ஒட்டி அரைக்கும். சிலிகான் ஸ்பிரே போதும்.

சுருட்டி மூடும்போது முன் சட்டத்தின் ஒரு முனை மட்டும் பிந்துகிறதா? அந்தப் பக்க உருளையில் பழைய துணித் துண்டு ஒன்றைச் சேர்த்துச் சுற்றினால் சரியாகிவிடும். விரித்த நிலையில் சட்டம் சாய்ந்திருந்தால் தோள் மூட்டுத் திருகை ஆலன் கீயால் திருப்பி, ரசமட்டம் வைத்துச் சரிபாருங்கள். கைப்பிடி மாடலில் முழுதும் விரிந்த பிறகும் சுற்றிக்கொண்டே போனால் துணி உருளைக்கு அடிப்பக்கமாக எதிர்த்திசையில் ஏறும். அப்படியே விட்டால் பெட்டியில் உரசிக் கிழியும், உடனே திரும்பச் சுற்றி இறக்குங்கள். மோட்டார் நாலைந்து நிமிடம் விடாமல் ஓடினால் சூட்டில் தானே நின்றுவிடும். 20 நிமிடம் ஆறவிட்டுப் பாருங்கள், பழுது என்று கழற்ற வேண்டியதில்லை.

துணி மாற்றுவதை மட்டும் பழகிய ஆளிடம் விட்டுவிடுங்கள். கைகளுக்குள் ஸ்பிரிங் முழு இழுவையில் இருக்கிறது, துணிதான் அதைப் பிடித்து வைத்திருக்கிறது. மடக்கிய கைகளைப் பட்டையால் கட்டாமல் துணியைக் கழற்றினால் முன் சட்டம் ஆளை அடித்து வீழ்த்தும் வேகத்தில் பாயும்.