ஆண்டு பட்ஜெட்டா, நகரும் பட்ஜெட்டா: ஒரு செக்கு எண்ணெய்த் தொழிலின் கணக்கு

திண்டிவனம் பக்கம் நானும் என் தம்பியும் மரச்செக்கில் கடலை எண்ணெய் ஆட்டி, பாட்டிலில் அடைத்து விற்கும் தொழிலைத் தொடங்கியபோது, 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை பன்னிரண்டு மாதங்களுக்கும் ஒரே மூச்சில் மாஸ்டர் பட்ஜெட் (விற்பனை முதல் ரொக்கம் வரை எல்லாத் திட்டங்களையும் கோத்த முழு பட்ஜெட்) போட்டோம். மறு ஆண்டில் அந்த முறையை விட்டு, ஒரு மாதம் முடிந்ததும் கடைசியில் ஒரு புதிய மாதத்தைச் சேர்த்துக்கொண்டே போகும் நகரும் பட்ஜெட்டுக்கு மாறினோம். இரண்டையும் கையாண்டதில் என் சாய்வு இரண்டாவதன் பக்கமே.

எலும்புக்கூடு இரண்டுக்கும் ஒன்றுதான். முதலில் விற்பனை பட்ஜெட். அதிலிருந்து உற்பத்தி, கச்சாப் பொருள், கூலி, மேல்நிலைச் செலவு (வாடகை, மின்சாரம் போன்ற பொதுச் செலவு). பிறகு லாப நட்டம், ரொக்கம், இருப்புநிலைக் குறிப்பு (சொத்தும் கடனும் காட்டும் தாள்). செப்டம்பரில் 1,500 லிட்டரும் அக்டோபரில் 2,000 லிட்டரும் விற்கும் என்று வைத்து, மறுமாத விற்பனையில் 20 சதவீதத்தை மாதக் கடைசியில் கையிருப்பாக வைப்பதானால், செப்டம்பர் முடிவில் 400 லிட்டர் இருக்க வேண்டும். தொடக்கத்தில், செப்டம்பர் விற்பனையில் 20 சதவீதமாக, 300 இருக்கும். ஆகவே ஆட்ட வேண்டியது 1,600. லிட்டருக்கு 2.3 கிலோ நிலக்கடலைப் பருப்பு என்றால் 3,680 கிலோ. விற்பனை எண் ஒன்று தவறினால் பிழை இந்தச் சங்கிலியின் கடைசி வளையம் வரை இறங்கிவிடும்.

ஆண்டு பட்ஜெட்டின் நன்மைகள் தெரிந்தவையே: வங்கி மேலாளர் கேட்பது அதைத்தான், ஆண்டு இலக்கு கண்ணெதிரே அசையாமல் நிற்கும், ஒருமுறை உழைத்தால் போதும். கடன் விண்ணப்பம் மட்டுமே நோக்கமென்றால் அதற்கு மேல் யோசிக்க வேண்டியதில்லை.

எங்களை மாற்றியது ரொக்க பட்ஜெட்தான். கடைகளுக்கு லிட்டர் 280 ரூபாய் என்று கொடுத்தோம். பாதிப் பணம் உடனே, மீதி அடுத்த மாதம் என்று எழுதியிருந்தோம். ஜூலையில் 1,000, ஆகஸ்டில் 1,200 லிட்டர் விற்றிருந்ததால், அந்தக் கணக்குப்படி செப்டம்பரில் 3,78,000 ரூபாய் வசூலாக வேண்டும். நடந்ததோ வேறு: 30 சதவீதம்தான் உடனே வந்தது, மீதிக்கு இரண்டு மாதம் ஆயிற்று. வந்தது 3,22,000, துண்டு விழுந்தது 56,000. உத்யம் பதிவுள்ள (அரசிடம் சிறுதொழிலாகப் பதிந்த) சிறு உற்பத்தியாளருக்கு எழுத்துமூல ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தந்துவிட வேண்டும் என்று 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டம் சொல்கிறது. ஆனால் சட்டத்தைக் காட்டினால் அடுத்த ஆர்டர் வராது என்ற பயத்தில் நாங்கள் வாயைத் திறக்கவில்லை. பருப்புக்கோ கிலோ 110 ரூபாய் வீதம் 4,04,800 ரூபாயைக் கையோடு எண்ணி வைக்க வேண்டியிருந்தது. புண்ணாக்கு வாங்க வரும் மாட்டுக்காரர்கள் மட்டும் அன்றன்றே காசு கொடுத்ததால் கூலி நிற்காமல் போயிற்று. இத்தனை நடந்தும், பணம் வராவிட்டாலும் விற்றதை வருமானமாகவே கொள்வதால், ஆண்டு பட்ஜெட் தாள் அந்த மாதத்துக்கு லாபத்தையே காட்டிக்கொண்டிருந்தது.

நகரும் பட்ஜெட்டில் இந்த வசூல் நாள் கணக்கை ஒரு மாதம் பார்த்தவுடனேயே திருத்தியிருப்போம். அடுத்த பதினொரு மாத ரொக்கமும் அதோடு மாறியிருக்கும். பண்டிகையும் அப்படியே. 2024இல் தீபாவளி அக்டோபர் 31; 2025இல் அக்டோபர் 20; 2026இல் நவம்பர் 8. கடைக்காரர்கள் பண்டிகைக்கு மூன்று வாரம் முன்பே சரக்கு எடுப்பதால், போன ஆண்டின் மாத எண்களை அப்படியே நகலெடுத்தால் 2025இன் கூட்டம் செப்டம்பர் கடைசிக்கு முன்னேறியது தெரியாமலே போயிருக்கும்.

இதற்கு விலை பராமரிப்பு. தொடக்கத்தில் மாதம் ஒரு முழு நாள் போயிற்று. மூன்றாம் மாதமே தம்பி சலித்துக்கொண்டான். பருப்பு விலை, எண்ணெய் இறங்கும் அளவு, பாட்டில் விலை, வசூல் நாள், மாத விற்பனை ஆகிய ஐந்தையும் எக்செல்லில் தனிப் பக்கத்துக்குக் கொண்டுவந்து, மற்ற தாள்கள் எல்லாம் அதிலிருந்தே எடுக்கும்படி அமைத்த பிறகு வேலை இரண்டு மணி நேரமாகச் சுருங்கியது. இந்த ஒழுங்கு இல்லாதவர்கள் நகரும் பட்ஜெட்டைத் தொடாமல் இருப்பதே நல்லது. நான்கு மாதம் திருத்தாமல் கிடக்கும் நகரும் பட்ஜெட், ஆண்டு பட்ஜெட்டைவிட மோசமாக ஏமாற்றும்.

இன்னொரு குறையும் உண்டு. இலக்கைத் தவறவிட்டால் எண்ணைக் குறைத்து எழுதிவிடும் ஆசை வரும். அதனால் மார்ச்சில் போட்ட முதல் பட்ஜெட்டைப் பூட்டி வைத்து, மாதாமாதம் அதோடும் ஒப்பிடுகிறோம். அப்போதும் ஆட்டிய அளவுக்கேற்பச் செலவைத் திருத்திய பிறகே ஒப்பிட வேண்டும். 1,600 லிட்டருக்குப் போட்ட கூலியைவிடக் குறைவாகச் செலவாயிற்று என்று ஒரு மாதம் மகிழ்ந்துவிட்டு, ஆட்டியதே 1,100 லிட்டர்தான் என்பதைப் பிறகு பார்த்தோம்.

எந்த முறையும் காப்பாற்றாத பிழை ஒன்றைச் செய்தோம். பாட்டிலுக்கு 18 சதவீத ஜிஎஸ்டி கட்டி, எண்ணெய்க்கு 5 சதவீதம் வசூலிப்பதால் கழிக்க முடியாமல் தேங்கும் வரி வரவை, திரும்ப வரும் பணமாக ரொக்க பட்ஜெட்டில் எழுதியிருந்தோம். சமையல் எண்ணெய்க்கு அந்த ரீஃபண்ட் 2022 ஜூலை 18 முதலே கிடையாது என்று ஆடிட்டர் சொன்ன பிறகு அந்தத் தொகையை பட்ஜெட்டிலிருந்து நீக்கினோம்.

எங்களிடம் இருப்பது கடலை எண்ணெய், நல்லெண்ணெய் என்ற இரண்டு சரக்குகள்தான். இருபது சரக்கு வைத்திருப்பவருக்கு இதே இரண்டு மணி நேரம் போதும் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. அவர்கள் மாதத்துக்குப் பதிலாகக் காலாண்டுக்கு ஒருமுறை நகர்த்திப் பார்க்கலாம், ரொக்க பட்ஜெட்டை மட்டும் மாதாமாதம் திருத்திக்கொண்டு.