கம்பியா, அலையா? இரண்டு வீடுகளின் தானியங்கி அமைப்பைப் பற்றிய மதிப்புரை

கோவையில் நாங்கள் புதிதாகக் கட்டிய வீட்டில் விளக்குகளையும் மின்விசிறிகளையும் சன்னல் திரைகளையும் இயக்குவது கம்பிவழி அமைப்பு. கும்பகோணத்தில் என் பெற்றோர் வசிக்கும் பழைய வீட்டில் ஏறக்குறைய அதே வேலைகளைச் செய்வது கம்பியில்லா அமைப்பு. இரண்டோடும் பழகிய பிறகு எனக்கு உறுதிப்பட்ட கருத்து ஒன்று உண்டு. வீட்டுச் சுவர் இன்னும் பூசப்படாமல் இருந்தால் கம்பியைப் பற்றி யோசியுங்கள். பூச்சும் பெயின்டும் முடிந்த வீட்டில் கம்பிக்காகச் சுவரை வெட்டாதீர்கள்.

புது வீட்டுக்கு நாங்கள் தேர்ந்தெடுத்தது கே.என்.எக்ஸ். இது ஒரு நிறுவனத்தின் தயாரிப்பு அன்று. ஐரோப்பாவில் 1990களில் வழக்கிலிருந்த மூன்று முறைகளை ஒன்றிணைத்து உருவாக்கிய பொதுத் தரம். அதனால் ஒரு நிறுவனத்தின் சுவிட்சும் இன்னொரு நிறுவனத்தின் ரிலேயும் (விளக்குக்கு மின்சாரத்தை இணைத்தும் துண்டித்தும் தரும் கருவி) ஒரே கம்பியில் சேர்ந்து வேலை செய்கின்றன. சுவரில் உள்ள பொத்தானுக்கு 230 வோல்ட் வருவதில்லை. ஏறத்தாழ 30 வோல்ட் நேர்த்திசை மின்சாரம் (டி.சி.) ஓடும் மெல்லிய பச்சை நிறக் கேபிள் மட்டுமே வருகிறது. பொத்தானை அழுத்தியதும் அது ஒரு சிறிய செய்தியை அந்தக் கேபிளில் அனுப்ப, வீட்டின் மின்சாரத்தைப் பிரித்துத் தரும் டிபி பெட்டிக்குள் இருக்கும் ரிலே அதைப் பெற்று விளக்கை எரிய வைக்கிறது. செய்தி செல்லும் வேகம் நொடிக்கு 9600 பிட் மட்டுமே என்று கேட்டபோது எனக்கும் தயக்கம் இருந்தது. ஆனால் விளக்கை ஏற்ற அனுப்பும் செய்தி மிகச் சிறியது என்பதால், அழுத்துவதற்கும் எரிவதற்கும் இடையே தாமதம் எதையும் நாங்கள் உணர்ந்ததில்லை. நடுவில் ஒரு தலைமைக் கணினியும் இல்லை. ஒரு பொத்தான் பழுதானால் அந்தப் பொத்தான் மட்டுமே வேலை செய்யாது.

இதற்குக் கொடுத்த விலை சிறியதன்று. ஒவ்வொரு விளக்குக்கும் மின்விசிறிக்கும் டிபி பெட்டியிலிருந்து தனித்தனியாக வயர் இழுக்க வேண்டியிருந்ததால் வயரின் நீளம் கூடியது. பெட்டியும் வழக்கமான அளவைப் போல இரு மடங்கு ஆயிற்று. கூரைத் தளத்துக்கு இரும்புக் கம்பி கட்டும்போதே, கான்கிரீட் கொட்டுவதற்கு முன்னால், எந்தப் பைப் எங்கே இறங்க வேண்டும் என்று முடிவு செய்தாக வேண்டும். கேபிளுக்கு மின்சாரம் தரும் பவர் சப்ளை பழுதானால் அந்தத் தடத்திலுள்ள எல்லாப் பொத்தான்களும் செயலிழக்கும் என்பதால், மாற்று ஒன்றை வாங்கி வைத்திருக்கிறோம்.

இவற்றை விட எனக்கு வருத்தம் தந்தது வேறொன்று. இந்த அமைப்பை நிரல்படுத்துவது ஈ.டி.எஸ் என்னும் மென்பொருள். எந்தப் பொத்தான் எந்த விளக்குக்கு என்ற விவரம் முழுவதும் அதன் ப்ராஜெக்ட் கோப்பில் இருக்கிறது. எங்களுக்கு வேலை செய்த நிறுவனம் முழுப் பணத்தையும் பெற்ற பிறகும் அந்தக் கோப்பைத் தர ஐந்து மாதம் இழுத்தடித்தது. அதுவரை ஒரு பொத்தானின் பணியை மாற்றவும் அவர்களையே அழைக்க வேண்டியிருந்தது. கடைசித் தவணையைக் கொடுப்பதற்கு முன்னால் கோப்பைக் கையில் வாங்கிவிடுங்கள். ஒப்பந்தத்திலேயே அதை எழுதச் சொல்லுங்கள்.

கும்பகோணம் வீட்டின் கதை வேறு. ஒன்பது அங்குலச் செங்கல் சுவர்; அதை வெட்டும் பேச்சுக்கே அப்பா இடம் தரவில்லை. முதலில் வைஃபை சுவிட்சுகளை மாட்டினோம். இணையம் நின்ற நாள்களில் செல்பேசிச் செயலி எதற்கும் பயன்படவில்லை, ஏனெனில் அதன் கட்டளை தொலைவிலுள்ள நிறுவனத்தின் சர்வர் வழியாகவே வீட்டுக்கு வந்தது. அமெரிக்காவின் இன்ஸ்டியான் நிறுவனம் 2022 ஏப்ரலில் முன்னறிவிப்பின்றித் தன் சர்வர்களை நிறுத்தியபோது வாடிக்கையாளர்கள் பட்ட பாடு நினைவுக்கு வந்தது. எனவே ஜிக்பீ என்னும் வேறொரு கம்பியில்லா முறைக்கு மாறி, கருவிகளை ஒருங்கிணைக்க வீட்டுக்குள்ளேயே இயங்கும் ஹப் ஒன்றை வைத்தோம். பழைய சுவிட்சுகளை அப்படியே விட்டு, அவற்றின் பின்னால் சிறு ரிலே மாட்யூல்களைப் பொருத்தினோம். இருபது ஆண்டுகளாக அம்மாவின் கை பழகிய சுவிட்ச் அதே இடத்தில் அதே வேலையைச் செய்கிறது என்பதே இந்த ஏற்பாட்டில் எனக்கு மிகவும் பிடித்தது.

சிக்கல் வந்தது நியூட்ரல் வயரில், அதாவது மின்சாரம் திரும்பிச் செல்லும் வயரில். மாட்யூல் எப்போதும் விழித்திருக்க அதுவும் தேவை. நம் வீடுகளில் பிளக் பாயின்ட் உள்ள சுவிட்ச் போர்டுக்கு நியூட்ரல் வந்திருக்கும். கட்டில் ஓரத்து இரு வழி சுவிட்சுக்குப் பெரும்பாலும் வந்திருக்காது. நியூட்ரல் இல்லாமல் இயங்கும் மாட்யூல் விளக்கின் வழியாகவே சிறிதளவு மின்சாரத்தை எடுத்துக்கொள்வதால், அணைத்த பிறகும் எல்.இ.டி. விளக்கு மங்கலாக மினுக்கியது. மேலும், ஜிக்பீயில் ஒரு கருவி அடுத்ததற்குச் செய்தியைக் கடத்தித் தருவதால்தான் தடித்த சுவர்களைத் தாண்டி இணைப்பு நீள்கிறது. நியூட்ரல் இல்லாத மாட்யூல்களில் பல இப்படிக் கடத்துவதில்லை. பேட்டரியில் இயங்கும் சென்சார்களும் கடத்துவதில்லை. பின்கட்டு அறையில் இணைப்பு அடிக்கடி அறுந்ததன் காரணம் இதுதான் என்று கண்டுபிடிக்க எனக்கு இரண்டு பயணங்கள் தேவைப்பட்டன. செய்தியைக் கடத்தித் தரும் ஜிக்பீ ஸ்மார்ட் பிளக் ஒன்றை நடுவறையில் செருகி, இரண்டின் அலைகளும் ஒன்றோடொன்று மோதாதபடி வைஃபையை 1ஆம் சேனலிலும் ஜிக்பீயை 25ஆம் சேனலிலும் வைத்த பிறகு அந்தத் தொல்லை தீர்ந்தது.

மின்வெட்டு இரு வீடுகளுக்கும் பொது. நள்ளிரவில் மின்சாரம் திரும்பியதும் கும்பகோணத்தில் எல்லா விளக்குகளும் எரிந்து அப்பா பதறி எழுந்தார். மின்சாரம் திரும்பும்போது ரிலே எந்த நிலையில் இருக்க வேண்டும் என்ற அமைப்பு இரு முறைகளிலும் உண்டு. அதை முதல் நாளே சரிசெய்ய வேண்டும். ஹப்பும் ரௌட்டரும் இன்வெர்ட்டர் லைனில் இருப்பது கட்டாயம். பி.எல்.டி.சி. மின்விசிறி (பிரஷ் இல்லாத டி.சி. மோட்டாரில் சுழல்வது) வாங்குவோர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: சாதாரண விசிறிக்கான வேகக் கட்டுப்பாட்டு மாட்யூலோடு அது சேராது, கம்பியானாலும் அலையானாலும் அதற்கு வேறு வழி பார்க்க வேண்டும்.

2022 அக்டோபரில் வெளியான மேட்டர் தரத்தைக் காட்டி, இனிக் கம்பியே வேண்டாம் என்று சில கடைகளில் சொல்கிறார்கள். வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகள் ஒன்றோடொன்று பேச அது உதவுகிறது, உண்மைதான். ஆனால் சுவரின் தடிமனையும் நியூட்ரல் இல்லாத பெட்டியையும் அது மாற்றிவிடாது. பட்ஜெட் காரணமாகக் கம்பியில்லா முறையைத் தேர்ந்தெடுத்தாலும், கட்டும் வீட்டில் ஒவ்வொரு சுவிட்ச் பெட்டிக்கும் நியூட்ரல் இழுத்து, ஆழமான பெட்டிகளைப் பதித்து, டிபி பெட்டியிலிருந்து ஒவ்வொரு அறைக்கும் ஒரு வெற்றுப் பைப்பாவது போட்டுவையுங்கள். கும்பகோணம் வீட்டில் பழைய பைப்பிலேயே இன்னொரு வயருக்கு இடம் இருப்பதாக எலக்ட்ரீஷியன் சொல்லியிருக்கிறார். பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது கட்டில் ஓரத்துப் போர்டுகள் இரண்டுக்கும் நியூட்ரல் இழுக்கப்போகிறோம்.