பழைய கேடமரானைச் சீரமைக்க: ஃபைபர்கிளாஸா, ப்ளைவுட்டா?

பழைய பாய்மரக் கேடமரான் (இரட்டை உடல் படகு) ஒன்றை வாங்கி, ஓய்வு நாட்களில் தேய்த்து, ஒட்டி, மறுபடி நீரில் இறக்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் விலையைத்தான் விசாரிக்கிறார்கள். படகு எதனால் ஆனது என்பதை முதலில் பாருங்கள் என்பேன் நான். வரப்போகும் மாதங்களில் உங்கள் கைகள் என்ன வேலை செய்யும் என்பது அதில்தான் இருக்கிறது.

இந்தப் பொழுதுபோக்குக்குத் தோதானவை இரண்டு வகை. ஒன்று, கரையிலிருந்தே தள்ளி இறக்கும் சின்ன ஃபைபர்கிளாஸ் படகு. ஹோபி 16 அதில் மிகப் பிரபலம்; ஒரு லட்சத்துக்கு மேல் கட்டப்பட்ட வடிவம். இன்னொன்று, படகு வடிவமைப்பாளர் ஜேம்ஸ் வார்ரம் போட்டுக்கொடுத்த வரைபடங்களை வைத்துப் பலர் தாங்களே கட்டிய ப்ளைவுட் படகு. அதில் டிக்கி (Tiki) 21 என்ற 21 அடி வடிவத்தை எடுத்துக்கொள்கிறேன். மூன்றாவதாக, அறைகளும் சமையல் மேடையும் கொண்ட பெரிய ஃபைபர்கிளாஸ் படகும் உண்டு. உடல் இரண்டு என்றால் செலவும் பெரும்பாலும் இரண்டு. பாதியில் நின்றுபோகும் அபாயம் அதில்தான் அதிகம். முதல் படகாக அது வேண்டவே வேண்டாம்.

ஹோபியின் பெரிய பலம், வேலை சீக்கிரம் முடியும் என்பது. சுமார் 5 மீட்டர் நீளம், 145 கிலோ எடை. இரண்டு உடல்களுக்கும் நடுவே கட்டிய வலை நைந்திருந்தால் புது வலை, பாய் கிழிந்திருந்தால் புதுப் பாய், சுக்கானுக்கு உதிரி பாகம் என்று எல்லாமே கிடைக்கிறது. நல்ல நிலையில் உள்ளதைப் பார்த்து வாங்கினால் ஒரே பருவத்தில் ஓட்டலாம்.

ஆனால் அதன் நோய் உள்ளே ஒளிந்திருக்கும். இரண்டு மெல்லிய ஃபைபர்கிளாஸ் தோல்களுக்கு நடுவே நுரை வைத்துச் செய்த உடல் அது. ஆண்டுக்கணக்கில் வெயிலும் அலையும் பட்டு, தோல் நுரையை விட்டுப் பிரிந்துவிடும். ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடம் ‘டக் டக்’ என்று கணீரென ஒலிக்கும். பிரிந்த இடம் ‘தொப்’ என்று மந்தமாகக் கேட்கும். முன் குறுக்குத்தண்டைச் சுற்றியுள்ள மேல்தளத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்க மறக்காதீர்கள். அமுங்கித் திரும்பினால் நோய் வந்துவிட்டது.

வைத்தியம் எளிதுதான். வெளித்தோலில் மட்டும் சிறு துளைகளை வரிசையாகப் போட்டு, உள்ளே சில நாட்கள் நன்றாகக் காயவிட்டு, ஊசிக்குழாயால் எபாக்ஸி பிசினைச் செலுத்த வேண்டும். பக்கத்துத் துளையில் பிசின் எட்டிப் பார்த்ததும் அடுத்ததற்குப் போகலாம். அப்புறம் மேலே பாலிதீன் விரித்து, சுமை வைத்து இறுகவிட வேண்டும். எனக்குள்ள குறை ஒன்றுதான்: பிசின் எங்கே போனது, எங்கே போகவில்லை என்பதைக் கண்ணால் பார்க்க முடியாது. இறுகிய பிறகு மறுபடி தட்டிப் பார்த்து, காதை நம்ப வேண்டியதுதான். இடம் சிறிதாக இருந்தால் நம்பலாம். அரை உடலும் ‘தொப்’ என்றால் அந்தப் படகை விட்டுவிடுங்கள்.

ப்ளைவுட்டில் கெட்டதை வெட்டி வெளியே எடுக்கலாம். இங்கே எதிரி உப்புநீரைவிட மழைநீர். மேல்தளத்து விரிசலில் இறங்கித் தேங்கும் நன்னீரில்தான் மரத்தைத் தின்னும் பூஞ்சை செழிக்கும். குத்தூசியால் குத்திப் பார்த்தால் நல்ல மரம் எதிர்க்கும், மக்கிய மரம் வழிவிடும். மக்கியதைத் தாண்டி நல்ல மரம் வரும்வரை வெட்டிவிட்டுப் புதுத் துண்டைச் சரிவாகச் சீவி ஒட்ட வேண்டும். சரிவின் நீளம் கனத்தைப் போல எட்டு மடங்கு: 6 மி.மீ. பலகைக்கு 48 மி.மீ.

இந்தச் சீவல்தான் இந்தப் பொழுதுபோக்கின் உச்சம் என்பது என் எண்ணம். இழைப்புளியைத் தள்ளத் தள்ள, ப்ளைவுட்டின் அடுக்குகள் வெளிறியும் கருத்தும் மாறிமாறிப் பட்டைகளாகத் தெரியும். பட்டைகள் நேராகவும் ஒரே அகலத்திலும் இருந்தால் சரிவு சரி. ஒரு பட்டை வளைந்தால் அங்கே கை அழுத்திவிட்டது என்று மரமே காட்டிக்கொடுக்கும். அளவுகோலைத் தேட வேண்டியதே இல்லை.

சரி, இதற்கு விலை காலம்தான். மக்கல் வெளியே ஒரு கை அகலம் தெரிந்தால் உள்ளே இரண்டு கை இருக்கும் என்று வைத்துக்கொண்டு திட்டமிடுங்கள். எபாக்ஸி இறுகியபின் மேலே படியும் மெழுகு போன்ற படலத்தைத் தண்ணீரில் கழுவாமல் அடுத்த பூச்சு போட்டால் பிடிக்காது. கையுறை கட்டாயம். ஒருமுறை எபாக்ஸி ஒவ்வாமை வந்துவிட்டால் பொழுதுபோக்கே முடிந்துபோகும். தேய்க்கும்போது நல்ல முகமூடியும் வேண்டும். இது இரண்டு வகைக்கும் பொது.

இணைப்பிலும் இரண்டும் வேறு. ஹோபியில் வார்ப்பு உலோகமும் ரிவெட்டும். அலுமினியமும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் உப்புநீரில் சேரும் இடத்தில் வெள்ளைப் பொடி பூத்து இறுகிவிடும். கழற்றுவதற்கே ஒரு நாள் போகும். டிக்கியில் உடல்களும் குறுக்குச் சட்டங்களும் கயிற்றால் கட்டப்பட்டவை. கயிறு சற்றே நெகிழ்ந்துகொடுப்பதால் அலையின் அடி ஒரே புள்ளியில் விழாமல் பரவுகிறது. கேடமரான் என்ற சொல் நம் கட்டுமரத்திலிருந்து போனது. அந்தப் பெயரிலுள்ள ‘கட்டு’ நிஜமாகவே இருக்கும் படகைப் பார்க்கையில் மனம் குளிர்கிறது. பழைய கயிறு வெயிலில் நைந்திருக்கும், புதிதாகவே கட்டிவிடுங்கள். இப்படிக் கட்டிய டிக்கி 21 ஒன்று 1990களில் உலகையே சுற்றி வந்திருக்கிறது.

அடுத்த கோடைக்குள் ஓட்டியே ஆக வேண்டும், மூடிய கொட்டகை கிடையாது என்றால் ஹோபி. மழை படாத இடமும் இரண்டு மூன்று வருடப் பொறுமையும் இருந்தால், எனக்கு ப்ளைவுட்தான். எதை எடுத்தாலும் பாய்மரத்தை நிறுத்தும் முன் தலைக்கு மேலே மின்கம்பி இருக்கிறதா என்று நிமிர்ந்து பாருங்கள். அலுமினியப் பாய்மரம் கம்பியில் பட்டு உயிர்கள் போயிருக்கின்றன. பிற்காலத்து ஹோபிகள் பலவற்றில் பாய்மரத்தின் மேல்பகுதியை மின்சாரம் கடத்தாத பொருளில் செய்ததே அதனால்தான். பழையதில் அந்த மேல்பகுதி இருக்கிறதா என்று வாங்குமுன் கேளுங்கள்.