முன் ஆக்சிலை வேலைக்குக் கொடுக்கும் முன் பல்லை எண்ணிவிடுங்கள்

பழைய ஜீப்பை வீட்டுக் கொட்டகையில் நிறுத்தி, தாங்களே பிரித்து மாட்டி வேலை பார்க்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி, பட்டுக்கோட்டைப் பக்கம் இப்படி நிறைய பேர் இருக்கிறோம் என்று தெரியும். என் வண்டியின் முன் ஆக்சிலுக்குள் இருந்த கிரவுன் பினியனை (ஷாஃப்டின் சுழற்சியைச் சக்கரங்களுக்குத் திருப்பிவிடும் ஜோடிப் பல்சக்கரத்தை) ஒரு பட்டறையில் எடுத்துக்கொண்டு, வேறொன்றை வைத்து அனுப்பிவிட்டார்கள். எடுத்ததைவிட, அதை மறைக்க அவர்கள் சொன்ன காரணம்தான் கெட்டிக்காரத்தனம். அது பாதி உண்மை. அதனால்தான் சம்பா அறுப்பு முடிகிறவரை விஷயம் வெளியே வரவில்லை. பட்டறை எது, எந்த ஊர் என்று கேட்காதீர்கள். நோட்டீஸ் போயிருப்பதால் பெயர் போட வேண்டாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார்.

வண்டி மஹிந்திரா எம்.எம். 540, 1989-ல் பெரியப்பா எடுத்தது. பியூஜோ டீசல் எஞ்சின், 2112 சி.சி. 2018 நவம்பரில் கஜா அடித்தபோது கொட்டகை சரிந்து மேலே விழுந்தது. அதோடு படுத்த வண்டி. போன வருஷம்தான் நானும் தம்பியும் கை வைத்தோம். எஞ்சினை செயின் பிளாக் கட்டி இறக்கியது, பிரேக் வீல் சிலிண்டர்கள் மாற்றியது, வயரிங் இழுத்தது எல்லாம் வீட்டிலேயே. தரைத் தகடு முழுக்கப் பொத்தல். ஓட்டுகிறவர் கால் வைக்கும் இடத்தில் விரலால் குத்தினாலே உள்ளே போனது. அதைவிட மோசம் சேஸிஸ். சட்டத்தின் உள்பக்கம் பல வருஷத்து வயல் களிமண் போய் இறுகி, மழைக்கு மழை ஈரத்தைப் பிடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. இரும்புக் கம்பியால் குத்தி, பம்புசெட் தண்ணீரை ஹோஸில் பாய்ச்சி, ஒரு மதியம் முழுக்கக் கழுவினோம். வெளியே வந்த மண்ணில் ஒரு முழு நண்டு ஓடு இருந்தது. டெல்டாவில் பழைய ஜீப் வாங்குகிறவர்கள் மேல் பெயின்ட்டைப் பார்க்காமல் சட்டத்துக்குள் கம்பியை விட்டுப் பாருங்கள். இது கூடுதல் எச்சரிக்கை, காசில்லாமல்.

வெளியே கொடுத்தது முன் ஆக்சிலை மட்டும்தான். நக்கிளில் (முன் சக்கரம் திரும்பும் மூட்டில்) இருந்தும் பினியன் சீலில் இருந்தும் ஆயில் ஒழுகியது. சீல் என்றால் நானே போட்டிருப்பேன். பினியன் பேரிங்கும் சத்தம் போட்டது. அதை மாற்றினால் ஷிம் என்கிற மெல்லிய தகட்டு வளையம் வைத்து பினியன் உயரத்தைச் சரிபார்க்க வேண்டும், கிரவுனுக்கும் பினியனுக்கும் நடுவே பேக்லாஷை, அதாவது பல்லுக்குப் பல் இருக்கும் ஆட்டத்தை, டயல் கேஜில் பார்க்க வேண்டும், பேரிங்கை பிரஸ்ஸில் ஏற்ற வேண்டும். இது எதுவும் என் கொட்டகையில் கிடையாது. ஜீப் வேலைக்குப் பேர்போன பட்டறை என்று நாலு பேர் சொன்ன இடத்துக்கு மினி டோரில் ஏற்றி அனுப்பினேன். வாசலில் பச்சை பெயின்ட் அடித்த டிஸ்போசல் ஜீப்புகள் வரிசையாக நின்றன. முதலாளி நன்றாகப் பேசினார். ஆக்சிலை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்து, "நல்ல சாமான் தம்பி, கம்பெனி செட்டு அப்படியே இருக்கு" என்றார். அதில் பொய்யில்லை. முன் ஆக்சில் வேலை செய்வது ஃபோர் வீல் போடும்போது மட்டும்தான். வருஷத்தில் நாற்று நடும் காலத்திலும் மழைக்காலத்திலும் போட்டால் உண்டு. அதனால் முப்பது வருஷ வண்டியிலும் முன் கிரவுன் பல் தேயாமல் இருக்கும். அவர் கண்ணில் பட்டதும் அதுதான்.

திரும்பி வந்தபோது ஆக்சில் கறுப்பு பெயின்ட்டில் பளபளத்தது. புது கேஸ்கெட், சுற்றிலும் சிவப்பு சிலிக்கான். 28,000 ரூபாய். பில் கேட்டதற்குத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள்: பினியன் பேரிங், சீல், கிங் பின் (நக்கிள் திரும்பும் அச்சு) பேரிங் நாலு, கூலி. பணத்தைப் போனில் அனுப்பினேன். அது பின்னால் உதவியது.

மாட்டி முடித்து, மதுக்கூர் ரோட்டில் ஓட்டிப் பார்த்தோம். டூ வீலில் வெண்ணெய் மாதிரி போனது. நேர் ரோட்டில் ஃபோர் வீல் கம்பியைத் தள்ளினேன். கொஞ்ச தூரத்திலேயே வண்டி யாரோ பின்னால் பிடித்து இழுப்பதுபோல இறுகியது. ஸ்டியரிங் கனத்தது. கம்பியைத் திரும்ப எடுக்க வரவில்லை. ரிவர்ஸ் போட்டுப் பின்னால் வந்த பிறகுதான் டக்கென்று விட்டது.

பட்டறைக்குப் போன் போட்டேன். முதலாளி சிரித்துவிட்டார்.

"தம்பி, தார் ரோட்டுல ஃபோர் வீல் போட்டா ஜாம் ஆகத்தான் செய்யும். சேத்துல போட்டுப் பாருங்க, அப்புறம் பேசுங்க."

இதுதான் நான் சொன்ன பாதி உண்மை. இந்த ஜீப்புகளில் முன் ஷாஃப்டுக்கும் பின் ஷாஃப்டுக்கும் நடுவில் டிஃபரன்ஷியல் (இரண்டும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடும் பல்லமைப்பு) கிடையாது. ஃபோர் வீல் போட்டால், எஞ்சின் விசையை முன்னுக்கும் பின்னுக்கும் அனுப்பும் பெட்டியான டிரான்ஸ்ஃபர் கேஸ் இரண்டையும் ஒரே வேகத்தில் பூட்டிவிடும். வளைவில் முன் சக்கரம் பெரிய வட்டம் போடும், பின் சக்கரம் சின்ன வட்டம் போடும். அந்த வித்தியாசம் எங்காவது போக வேண்டும். சேற்றில் டயர் வழுக்கிச் சமாளித்துக்கொள்ளும். தாரில் வழுக்காது, ஷாஃப்டும் பல்லும் முறுக்கிக்கொண்டு நிற்கும். ஜீப் ஓட்டத் தெரிந்த எல்லாருக்கும் இது தெரியும். எனக்கும் தெரிந்ததால்தான் அவர் சொன்னதும் சரியென்று வைத்துவிட்டேன். சேற்றில் போட்டும் பார்த்தாயிற்று. ஐப்பசி மழையில் பாமணி ஆற்றுப் பக்கத்து வயலில் நாற்றுக்கட்டு ஏற்றிய டிரெய்லரை இழுத்துக்கொண்டு ஏறியது. குறை சொல்ல ஒன்றுமில்லை.

மழை விட்டு, அறுப்பு முடிந்து, மண் காய்ந்த பிறகு சங்கதி மாறியது. ஃபோர் வீலில் கப்பி ரோட்டில் ஏறினால் டிரான்ஸ்ஃபர் கேஸ் கை வைக்க முடியாமல் சுடும். ஆயில் கருகிய வாடை. கடைசியில் ஆற்றங்கரை ஏற்றத்தில் முன் ஷாஃப்டின் யு.ஜே. கிராஸ் (ஷாஃப்ட் மடங்கிச் சுற்ற உதவும் சிலுவை வடிவ மூட்டு) உடைந்து, கப் ஒன்று தெறித்து வாய்க்காலில் விழுந்தது. பட்டறையில் கேட்டால் அதே பதில், இன்னொரு வாலோடு: "கிராஸ் லோக்கல் சாமானா இருக்கும் தம்பி."

எங்கள் தெருவில் பொதுப்பணித் துறையில் ஜீப் ஓட்டி ரிடையர் ஆனவர் ஒருவர் இருக்கிறார். ஊர் முறையில் எனக்குச் சித்தப்பா. வெண்ணாற்றுக் கரை, வெட்டாற்றுக் கரை என்று என்ஜினீயர்களை ஏற்றிக்கொண்டு வெள்ளக் காலத்தில் ஓட்டியவர். உடைந்த கிராஸைக் கையில் வைத்துப் புரட்டிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார். அப்புறம் ஒரே ஒரு கேள்வி.

"ஏன்டா, தார்ல இறுகும்னா வளைவுலதானே இறுகணும்? நேர் ரோட்டுல என்னாத்துக்கு இறுகுது?"

நாலு டயரும் ஒரே சைஸ், காற்று சமம் என்றால் நேராகப் போகும்போது முன்னும் பின்னும் ஏறக்குறைய ஒரே தூரம்தான் உருளும். இறுகுவதற்குக் காரணமில்லை. இறுகினால் முன் ரேஷியோவும் பின் ரேஷியோவும் (கிரவுன் ஒரு சுற்று வர ஷாஃப்ட் எத்தனை சுற்று என்ற கணக்கு) வேறு வேறு. அதை எதையும் பிரிக்காமல் கண்டுபிடிக்கலாம் என்று அவர்தான் காட்டினார். கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன், யாருக்காவது உதவும்.

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, தரையில் இருக்கப்போகும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் நல்ல கல்லாக முட்டுக் கொடுங்கள். கியர் நியூட்ரல், ஃபோர் வீல் கம்பி விலக்கி இருக்க வேண்டும். ஹேண்ட் பிரேக்கை விட்டுவிடுங்கள். பழைய ஜீப் பலவற்றில் அது சக்கரத்தைப் பிடிக்காது, பின் ஷாஃப்டைத்தான் பிடிக்கும். பின் சக்கரம் ஒன்றை மட்டும் ஜாக்கியில் தூக்குங்கள், மற்றது தரையிலேயே இருக்கட்டும். தூக்கிய டயரில் ஒரு சாக்பீஸ் கோடு, ப்ரொப்பெல்லர் ஷாஃப்டில் ஒரு கோடு. சக்கரத்தைக் கையால் சரியாக இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். ஒரு பக்கம் நிற்க மறுபக்கம் இரண்டு சுற்றினால் உள்ளே கிரவுன் ஒரு சுற்று சுற்றும். அதற்குள் ஷாஃப்ட் எத்தனை சுற்று வந்ததோ அதுதான் ரேஷியோ. முன்பக்கமும் இதேபோல். முன் ஹப்பில் லாக் வகை இருந்தால் லாக் போட்டுவிட்டுச் சுற்ற வேண்டும்.

எங்கள் வண்டியில் சித்தப்பா சக்கரத்தைச் சுற்ற, நான் அடியில் படுத்து எண்ணினேன். பின்னால் ஐந்து சுற்று முடிந்து, ஆறாவதில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேலே. அது 43க்கு 8 பல், 5.38 என்று சொல்கிற பழைய ஜீப் ரேஷியோ. முன்னால் எண்ணினால் ஐந்தே முடியவில்லை, கோடு கொஞ்சம் முன்னாலேயே நின்றது. மூடியைக் கழற்றி டீசலில் துடைத்துப் பார்த்தேன். கிரவுனில் 39, 8 என்று குத்தியிருந்தது. 4.88. அதாவது பின் சக்கரம் பத்தடி உருண்டால் முன் சக்கரம் பதினோரு அடி உருளப் பார்க்கும். நேர் ரோட்டிலும் ஓயாமல் ஒன்றோடொன்று சண்டை. சேற்றில் மட்டும் அது தெரியாது, டயர் வழுக்கியே கணக்கைத் தீர்த்துவிடும். "சேத்துல போட்டுப் பாருங்க" என்று அவர் சொன்னதன் அர்த்தம் அப்போதுதான் விளங்கியது.

கையோடு நக்கிளையும் பிரித்தேன். சீட்டில் புதிதாக எழுதிய கிங் பின் பேரிங் நாலில் ஒன்றுகூடப் புதிதில்லை. ரோலரில் நகத்தால் தடவினால் துருக்குழி தட்டுப்பட்டது. புது கிரீஸ் மட்டும் தாராளமாக அப்பியிருந்தார்கள்.

பட்டறைக்கு நேரில் போனோம், சித்தப்பாவும் வந்தார். முதலில், "நீங்க கொடுத்ததைத்தான் நாங்க திருப்பிக் கொடுத்தோம். உங்க பெரியப்பா காலத்துலயே மாத்தியிருப்பாங்க." இந்த இடத்தில் பெரும்பாலானவர்கள் பதில் இல்லாமல் திரும்பிவிடுவார்கள். ஏனென்றால் ஆர்.சி. புக்கில் எஞ்சின் நம்பர் இருக்கும், சேஸிஸ் நம்பர் இருக்கும். ஆக்சிலுக்கோ கிரவுனுக்கோ எந்த நம்பரும் இல்லை. எஞ்சினைத் தொடப் பயப்படுகிறவன் ஆக்சிலைத் தொடப் பயப்பட மாட்டான். என்னிடம் ஒரு வீடியோ இருந்தது. அனுப்புவதற்கு முன் பல்லைத் துடைத்துச் சுற்றிக் காட்டி, பெங்களூரில் இருக்கும் மச்சானுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியது. 43, 8 தெளிவாகத் தெரிந்தது, தேதியோடு. முதலாளி இரண்டு முறை பார்த்தார். பிறகு பேச்சு மாறியது. "அன்னிக்கு நாலஞ்சு ஆக்சில் பிரிச்சுக் கிடந்துச்சு. பசங்க மாத்திப் போட்டுட்டானுங்க." சரி, மாற்றியதை எடுத்துக் கொடுங்கள் என்றால், அது எந்த வண்டியில் போனதென்று தெரியாதாம். புது செட் போட்டுத் தருகிறாராம், சாமான் காசை மட்டும் நான் கொடுத்தால் போதுமாம்! என் சாமானுக்கு என்னிடமே விலை.

ஆக்சிலை அங்கே விடவில்லை. திருச்சியில் ஒரு 43-8 செட் பழையதாகக் கிடைத்தது. கிரவுனும் பினியனும் ஜோடியாகச் சேர்த்துத் தயாரிப்பவை; ஒன்றை ஒரு வண்டியிலும் மற்றதை இன்னொரு வண்டியிலும் எடுத்துச் சேர்த்தால் ஊளையிடும். அதனால் ஒரே ஹவுசிங்கிலிருந்து கண் முன்னால் கழற்றச் சொல்லி வாங்கினேன். தஞ்சாவூரில் ஒரு லேத்காரர், பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்காரச் சொல்லியே வேலை பார்த்தார். பல்லில் மஞ்சள் பெயின்ட் தடவி, பினியனைச் சுற்றி, எங்கே ஒட்டு விழுகிறது என்று பார்ப்பார். பல்லின் ஓரத்தில் விழுந்தால் பிரித்து ஷிம் மாற்றுவார், திரும்ப மாட்டுவார். ஒட்டு நடுவில் வந்து உட்காரும்வரை விடவில்லை. உட்கார்ந்து பார்க்க விடுகிற இடமா என்பதை இனி நான் முதலில் கேட்பேன்.

நீங்கள் கொடுப்பதாக இருந்தால், கொடுக்கும் அன்றே மேலே சொன்னபடி முன்னும் பின்னும் எண்ணி எழுதிக்கொள்ளுங்கள். மூடியைத் திறந்து, குத்தியிருக்கும் எண் தெரிய வீடியோ எடுத்து யாருக்காவது அனுப்பி வையுங்கள். ஹவுசிங்கில் உளிக்குறி போடுவதால் பிரயோஜனமில்லை, ஹவுசிங் அப்படியேதான் திரும்பி வரும். கழற்றிய பழைய பேரிங், சீல் எல்லாவற்றையும் சாக்கில் போட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள். மாட்டியதும் காய்ந்த நேர் ரோட்டில் ஒரு சின்னத் தூரம் மட்டும் ஃபோர் வீல் போட்டுப் பாருங்கள்.

முறையான பில் இல்லையே, புகார் எடுபடுமா என்று எனக்குச் சந்தேகம் இருந்தது. சீட்டு, பணம் அனுப்பிய பதிவு, வீடியோ இருந்தால் கொடுக்கலாம் என்றார் வக்கீல். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் பதியலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருஷத்துக்குள் மனு போட வேண்டும். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை, வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்றும் இல்லை. நான் நோட்டீஸுக்காக வைத்தேன்.

நோட்டீஸ் கிடைத்த பிறகு, சமாதானமாகப் பேசிக்கொள்ளலாம் என்று பட்டறையிலிருந்து ஆள் வந்தார். 28,000-ஐயும் என் பழைய செட்டையும் கொண்டுவந்து வைத்தால் பேசலாம் என்று சொல்லியனுப்பியிருக்கிறேன்.