காபன் புத்தகத்தை இன்னும் வீசிவிடாதீர்கள்: லொறிகளுக்கான டிலிவரி நோட் செயலி

கொழும்புத் தேயிலை ஏலம் 2020இலேயே இணையத்துக்குப் போய்விட்டது. ஆனால் அங்கே விற்கப் போகும் தேயிலை, பல தோட்டத்து பெக்டரிகளிலிருந்து இன்றும் காபன் தாள் வைத்து எழுதிய டிலிவரி நோட்டோடுதான் (சரக்கோடு போய், இறக்கும் இடத்தில் கையெழுத்தாகும் சீட்டு) மலையிறங்குகிறது. அதற்கு மாற்று என்று அட்டன், தலவாக்கலைப் பக்க லொறிக்காரர்களிடம் ஒரு செயலி விற்கப்படுகிறது. ஒரு போன், 58 மில்லிமீட்டர் சுருள் தாள் போடும் புளூடூத் பிரின்டர் ஒன்று, அவ்வளவுதான் சாமான்.

இதில் உண்மையான நன்மை ஒன்று உண்டு. தாள் முறையில், தேயிலையை இறக்கும் கொழும்பு ஸ்டோரில் கையெழுத்தான பிரதி லொறி திரும்பி வந்தால்தான் கைக்கு வரும். அது வராமல் வாடகை பில் நகராது. செயலியில் கையெழுத்து விழுந்த சில நிமிடத்தில் பிரதி அலுவலகத்தில் இருக்கும். ஒரே லொறியை வைத்துப் பிழைப்பவருக்கு இது பெரிய விஷயம். மொத்த நிறையிலிருந்து பை நிறையைக் கழித்துத் தேறிய நிறையைப் போடுவதும் செயலிதான். கணக்குப் பிழை குறையும். மின் வடிவில் இருக்கிறது என்பதற்காக மட்டும் ஓர் ஆவணத்தைத் தள்ளிவிட முடியாது என்பதற்கு 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல்வாங்கல்கள் சட்டம் இருக்கிறது.

சிக்கல் பெக்டரி வாசலிலேயே தொடங்குகிறது. நோட்டுக்கான இலக்கத்தை சேர்வர்தான் தர வேண்டும். பள்ளத்தில் இருக்கும் பெக்டரியில் சிக்னல் ஒரு கோடுகூட இல்லாவிட்டால் ‘நிலுவை’ என்று காட்டி நின்றுவிடும். இலக்கமில்லாத நோட்டுக்குக் காவலாளி கேட் திறக்க மாட்டார். ஒவ்வொரு போனுக்கும் 50 இலக்கங்களை முன்கூட்டியே ஒதுக்கும் வசதி செட்டிங்ஸில் ஒளிந்திருக்கிறது. சிக்னல் உள்ள இடத்தில் முதல் நாளே அதைப் போட்டுவிடுங்கள். போனின் நேரத்தைத் தானியங்கியில் வையுங்கள். இல்லையென்றால், ஏற்றியதற்கு முன்பே இறக்கியதாக நோட்டில் பதிவாகும்.

டிரைவர் மாறும்போது லொக்-அவுட் செய்தால், அனுப்பப்படாத நோட்டுகள் அழிந்துவிடும், மீட்கவே முடியாது. நிலுவை எண்ணிக்கை 0 ஆகும்வரை லொக்-அவுட்டும் வேண்டாம், அப்டேட்டும் வேண்டாம்.

இதையெல்லாம் பழகிச் சமாளிக்கலாம். சமாளிக்க முடியாத குறை கையெழுத்துப் பக்கத்தில் இருக்கிறது. கினிகத்தேனை இறக்கத்தில் மழை பிடித்து, தார்ப்பாய் ஓரமாக ஒழுகி, இரண்டு பை நனைந்துவிட்டது என்று வையுங்கள். தாளில் ஸ்டோர்காரர் ‘2 பை ஈரம், மற்றவை சரி’ என்று எழுதி, அதன் கீழேயே கையெழுத்து வைப்பார். நட்டம் யார் தலையில் என்பதை அந்த ஒரு வரிதான் முடிவு செய்யும். செயலியில் ‘முழுமை’, ‘குறைவு’ என்று இரண்டு பொத்தான்கள்தான். பை எண்ணிக்கை சரியாக இருப்பதால் ‘முழுமை’ அமுக்குவார்கள். குறிப்பு எழுதும் கட்டம் கையெழுத்துக்குப் பிறகுதான் திறக்கிறது, யாரும் பின்னால் போய் எழுதலாம். இறக்கும் இடத்திலிருந்து ஒருவர், அலுவலகத்திலிருந்து ஒருவர் என்று ஆளுக்கொன்று எழுதினால் அந்த நோட்டு எதற்குச் சாட்சி? நனைந்த பையின் இலக்கம் தெரியும்படி கையெழுத்துக்கு முன் படம் எடுத்து இணைப்பது அரைத் தீர்வு. முழுத் தீர்வு என்றால், செயலியைச் செய்தவர்கள் குறிப்புக் கட்டத்தைக் கையெழுத்துக்கு மேலே கொண்டுவந்து, கையெழுத்தானதும் பூட்டிவிட வேண்டும்.

அச்சும் திருப்தியில்லை. தமிழில் ‘கொட்டகலை’ என்று அடித்தால் முதல் எழுத்தின் கொம்பு ‘க’வை விட்டு விலகி, நடுவில் புள்ளி வட்டத்தோடு விழுகிறது. எழுத்துகளைக் கோக்கும் வேலையை பிரின்டர் அறியாததுதான் காரணம். ‘படமாக அச்சிடு’ என்பதைத் தெரிவுசெய்தால் சரியாகும், ஆனால் மெதுவாக வரும். வெப்பத்தில் அச்சாகும் தாள் என்பதால் டேஷ்போர்டில் வெயில் பட வைத்தால் அந்தத் தாளே கறுத்துப்போகும். மூடுபனியில் நனைந்த விரலுக்குத் திரை கேட்காது; ஒரு துணி கையில் இருக்கட்டும். பெரிய லொறிகளில் 24 வோல்ட் ஓடுவதால், 12–24 என்று எழுதிய சார்ஜரையே வாங்குங்கள்.

மரக்கறி லொறிக்கு இது வேண்டவே வேண்டாம். ஆளுக்கு இரண்டு மூன்று மூட்டையாகப் பலருடைய சரக்கு ஏறும். ஒவ்வொன்றையும் தனியே தட்டி முடிப்பதற்குள் பேலியகொடைச் சந்தைக்கான நேரம் போய்விடும். மரம் ஏற்றுபவர்களுக்கும் ஒரு வார்த்தை: போக்குவரத்து அனுமதிப்பத்திரம் வேறு, இது வேறு, ஒன்றுக்கு மற்றது ஈடாகாது.

தேயிலை லொறிக்கு வாங்கலாம். குறிப்புக் கட்டத்தைச் சரிசெய்யும்வரை காபன் நோட்டும் கூடவே போகட்டும். ஈரம், கிழிசல் இருந்தால் அதில் எழுதிக் கையெழுத்து வாங்கி, அந்தத் தாளையே படமெடுத்துச் செயலியில் ஏற்றுங்கள்.