பழைய காஸ்ட் அயர்ன் புல்லட் 350: மீட்டெடுப்பும் அதன் பிறகான ஓட்டமும்

கொட்டகையில் பல வருடம் கிடந்த புல்லட்டைப் பார்த்ததும் பெயிண்ட், குரோம் செலவைத்தான் முதலில் கணக்குப் போடுகிறோம். முதலில் பார்க்க வேண்டியது ஆயில் போகும் வழி. திருவொற்றியூரில் தயாரான இந்த 346 சிசி இன்ஜினுக்கு ஆயில் டேங்க் வெளியே கிடையாது. கிராங்க் கேஸ் (இன்ஜினின் அடிப்பகுதிக் கூடு) வார்ப்பிலேயே ஓர் அறையாக இருக்கிறது. வண்டி நின்றபடியே இருந்தால் அந்த ஆயில் பம்ப் வழியாக மெல்லக் கசிந்து கிராங்க் சுழலும் பக்கம் இறங்கிவிடும். டிப்ஸ்டிக் காய்ந்திருக்கிறதே என்று மேலே ஊற்றி உதைத்தால், இரண்டு பங்கு ஆயில் சேர்ந்து பிரீதரிலும் (இன்ஜின் உள்காற்றை வெளிவிடும் குழாய்) சைலன்சரிலும் கக்கும்.

ஆகவே கிக்கரைத் தொடாதீர்கள். பிளக்கைக் கழற்றி இரண்டு ஸ்பூன் ஆயில் விட்டு ஓர் இரவு ஊறவிடுங்கள். மறுநாள் டாப் கியரில் போட்டு, பின் சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னும் மெதுவாக அசைத்துப் பாருங்கள். பிஸ்டன் பிடித்திருந்தால் பலம் காட்ட வேண்டாம், ஹெட்டைக் கழற்றுங்கள். இன்ஜின் அடியில் ஆயில் அறைக்கும் கிராங்க் அறைக்கும் தனித்தனி டிரெய்ன் போல்ட் உண்டு, இரண்டையும் திறக்க வேண்டும். பழைய வண்டிகளில் பல இடங்களில் இன்ச் மரைதான். மி.மீ. ஸ்பேனரைப் போட்டு முறுக்கினால் போல்ட்டின் தலை மழுங்கும், பிறகு லேத்துப் பட்டறைக்குத்தான் போக வேண்டும்.

டைமிங் கவரில் உள்ள ஃபெல்ட் ஃபில்டரை மாற்றி, ஆயில் அறையில் 20டபிள்யூ50 ஆயிலை நிரப்பி மூடுங்கள். ஸ்டார்ட் செய்ததும் (முறை கீழே) ஹெட்டுக்குப் போகும் ராக்கர் குழாயைத் தளர்த்தி ஆயில் வருகிறதா என்று பார்ப்பது பட்டறை வழக்கம். அது ரிட்டர்ன் பம்ப் வேலை செய்வதை மட்டுமே காட்டும். பிக் எண்டுக்கு (கனெக்டிங் ராடு கிராங்கைப் பிடிக்கும் இடம்) போவது ஃபீட் பம்ப் ஆயில். டைமிங் கவரில் கிராங்க் முனைக்கு நேரே உள்ள பிளக்கைச் சற்றுத் தளர்த்தினால் அங்கே ஆயில் கசிய வேண்டும். வராவிட்டால் உடனே ஆஃப் செய்யுங்கள். பம்ப் டிஸ்க்கின் முகம் தேய்ந்திருக்கலாம், அல்லது உள்ளே இருக்கும் சீல் போயிருக்கலாம். சீல் மலிவு. அதை விட்டுவிட்டால் பிக் எண்ட் புஷ் போய், கிராங்கைப் பிரிக்கும் செலவு வரும்.

மற்றவை அவ்வளவு பயமில்லை. சி.பி. பாயிண்ட் (திறக்கும்போது ஸ்பார்க் வரவைக்கும் கான்டாக்ட் பிரேக்கர்) இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. டைமிங்கை, ஆட்டோ அட்வான்ஸ் (வேகம் கூடக்கூட ஸ்பார்க்கை முன்னதாக வரவைக்கும் அமைப்பு) முழுதும் பின்வாங்கிய நிலையில் பிஸ்டன் உச்சிக்கு 0.8 மி.மீ. முன்னால் பாயிண்ட் திறக்கும்படி வையுங்கள். பாயிண்டுக்கு நடுவே மெல்லிய தாளைப் பிடித்து இழுத்தால், அது விடும் கணம்தான் திறப்பு. ஆட்டோ அட்வான்ஸ் எடைகள் துருப்பிடித்து ஒட்டியிருந்தால் கிக்கர் காலைத் திருப்பி அடிக்கும். டேப்பட் (வால்வு இடைவெளி) சரிபார்ப்பது இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதுதான்: புஷ் ராட் விரலால் சுலபமாகச் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடக்கூடாது.

பெட்ரோல் டேங்கில் துரு இருந்தால் பெட்ரோலைத் திறந்து மூடும் காக்-ஐக் கழற்றி, அந்தத் துளையை அடைத்துவிட்டு, வினிகரை நிரப்பி ஒரு நாள் வையுங்கள். சமையல் சோடா கலந்த நீரில் அலசி, முழுக்கக் காயவைத்து, உடனே கொஞ்சம் ஆயில் கலந்த பெட்ரோலால் சுழற்ற வேண்டும். தாமதித்தால் மாலைக்குள் மறுபடி செம்மை பூக்கும். இப்போதைய எத்தனால் கலந்த பெட்ரோலுக்குப் பழைய ரப்பர் குழாய் தாங்காது, புதிது போடுங்கள். வாரக்கணக்கில் நிறுத்துவதானால் கார்புரேட்டர் கிண்ணத்தையும் காலி செய்யுங்கள். பைலட் ஜெட் (ஐடிலிங்குக்குப் பெட்ரோல் விடும் சிறு துளை) அடைத்தால் ஐடிலிங்கில் இன்ஜின் அணைந்துவிடும்.

சென்னையில் புதுப் பாகங்களுக்கு ஜெனரல் பேட்டர்ஸ் சாலை, பழசுக்குப் புதுப்பேட்டை. பழசாகக் கிடைக்கும் ஒரிஜினல் பாகம் பல நேரம் புது டூப்ளிகேட்டை விட நன்றாக உழைக்கிறது. ரப்பர், கேபிள், பிரேக் லைனிங் மட்டும் புதிதாகவே வாங்குங்கள்.

ஸ்டார்ட் செய்யும் முறை: கிக்கர் கெட்டிப்படும் வரை அழுத்துங்கள். டிகம்ப்ரஷர் லீவரை (சிலிண்டர் அழுத்தத்தை வெளிவிடுவது) பிடித்துக்கொண்டு அம்மீட்டர் முள் நடுவுக்கு வரும் வரை சற்று நகர்த்துங்கள். லீவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, ஒரே முழு வீச்சு.

முதல் 500 கி.மீ.யில் ஆயிலை மாற்றி, குளிர்ந்த இன்ஜினில் ஹெட் நட்டுகளை மறுபடி இறுக்குங்கள். அதன்பின் மணிக்கு 60, 65 கி.மீ.யில் நாள் முழுக்கச் சலிக்காமல் ஓடும். 80இல் நெடுநேரம் பிடித்தால் அதிர்வில் நட்டுகள் கழலும், பிக் எண்டும் சீக்கிரம் தேயும். டிரம் பிரேக்கை நம்பிப் பேருந்தை ஒட்டிப் போகாதீர்கள். கியர் வலது காலில், பிரேக் இடது காலில், முதல் கியர் மேலே. புது வண்டி ஓட்டிப் பழகியவர்களுக்கு அவசரத்தில் கால் மாறும். பிரைமரி செயின் கவரை ஒரே நட்தான் பிடிக்கிறது. ஒழுகுகிறதே என்று மேலும் முறுக்கினால் கவர் வளைந்து இன்னும் ஒழுகும்.

ஆர்.சி. இல்லாத வண்டியை எவ்வளவு மலிவானாலும் தொடாதீர்கள். 50 வயது தாண்டியதை 2021 விதிகளின்படி விண்டேஜ் என்று பதிவு செய்ய முடியும், ஆனால் அப்படிப் பதிந்த வண்டியில் தினமும் வேலைக்குப் போக அனுமதி கிடையாது. ஓட்ட நினைப்பவர்கள் வழக்கமான பதிவையே புதுப்பித்துக்கொள்ளலாம்.