வீட்டு மரங்களுக்குக் கவாத்து: ஆறேழு வருட அனுபவம்

கவாத்து வேலை முடிந்த அன்றே அதற்கு மார்க் போடாதீர்கள். எப்படி வெட்டினாலும் அன்றைக்கு மரம் சுத்தமாகத்தான் தெரியும். வெளிச்சம் தரையில் விழும், கொடுத்த கூலி வீணில்லை என்று தோன்றும். நல்ல வேலையா இல்லையா என்பது வெளியே வர இரண்டு மூன்று வருடம் ஆகும். ஒரே குழுவை ஆறேழு வருடங்களாக வரவழைத்துப் பார்த்துவிட்டு இப்போது எழுதுவது அதனால்தான்.

எங்கள் வீட்டில் பின்பக்கம் ஒரு பெரிய வேம்பு, முன்னால் ஒரு மா, மதிலோரம் ஒரு தென்னை, நாங்கள் வைத்த புங்கன் ஒன்று. இதில் வேம்புதான் தலைவலி. வீட்டை எங்களுக்கு விற்றவர்கள் அதை ஒருமுறை மொட்டையடித்திருந்தார்கள். மொட்டையடித்தால் மரம் குட்டையாகவே இருக்கும் என்று பலர் நம்புகிறார்கள். நடப்பது நேர்மாறு. இலையை மொத்தமாகப் பறிகொடுத்த மரம், வெட்டுப்பட்ட முனை ஒவ்வொன்றிலும் கொத்துக்கொத்தாகப் போத்து விடும். அவை நேராக, வேகமாக ஏறிச் சில வருடங்களில் பழைய உயரத்தைத் தொட்டுவிடும். ஆனால் தானாக வளர்ந்த கிளைக்கு இருக்கும் பிடிமானம் இவற்றுக்குக் கிடையாது. பட்டைக்கு அடியில் மேலோட்டமாக ஒட்டிக்கொண்டு நிற்பவை. கீழே வெட்டுப்பட்ட முனை உளுத்துக்கொண்டே போகும், மேலே போத்து கனத்துக்கொண்டே போகும். பலத்த காற்றில் அது எங்கே முறியும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

முதல் தடவை குழுவின் பொறுப்பாளர் மட்டும் வந்தார். ரம்பம் எதுவும் கொண்டுவரவில்லை. மேலே பார்த்ததைவிட மரத்தின் அடியைத்தான் அதிக நேரம் பார்த்தார். தூரோரம் காளான் முளைத்திருக்கிறதா, மண்ணில் விரிசல் இருக்கிறதா என்று குனிந்து தேடினார். மரச்சுத்தியால் அடிமரத்தைச் சுற்றிலும் தட்டிக் காதைக் கொடுத்தார். ஓரிடத்தில் மட்டும் சத்தம் மாறியது. அங்கே பொந்து இருக்கலாம், சுற்றியுள்ள கட்டை நன்றாக இருப்பதால் இப்போதைக்குப் பயமில்லை, ஆனால் வருடம் ஒருமுறை பார்க்க வேண்டும் என்றார். அப்புறம்தான் மேலே கை காட்டி, இன்ன கிளையை இன்ன இடத்தில் வெட்டுவோம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். எந்தக் கிளையைத் தொட மாட்டோம் என்பதையும் சொன்னார். அதற்கு முன் விலை கேட்ட இருவர், "சைடெல்லாம் எடுத்து ஃப்ரீயா பண்ணிடலாம்" என்றதோடு முடித்துக்கொண்டவர்கள். இவர் கேட்ட தொகை அவர்களுடையதைவிட நன்றாகவே அதிகம். யோசித்துத்தான் சம்மதித்தோம்.

வேலை நடந்த அன்று சாயங்காலம் என் மாமனார் பின்கட்டில் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "இவ்வளவு காசு கொடுத்து ஆள் கூப்பிட்டு, ஒண்ணுமே வெட்டலையேம்மா?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. காய்ந்த கிளைகள், ஒன்றோடொன்று உரசிக்கொண்டிருந்தவை, கூரைமேல் சாய்ந்திருந்தவை, அப்புறம் ஒவ்வொரு மொட்டை முனையிலும் இருந்த போத்துகளில் பாதி. அவ்வளவுதான் போயிருந்தது. மீதிப் போத்துகளையும் எடுத்துவிடலாமே என்று நானும் கேட்டேன். மேலே ஏறிய பையன் கயிற்றில் தொங்கியபடியே, "எல்லாத்தையும் எடுத்தா மரம் மறுபடி இதே மாதிரி தள்ளும்க்கா. நல்லா உக்காந்திருக்கிறதை விட்டுட்டு வருஷா வருஷம் மத்ததைக் குறைச்சுக்கிட்டு வரணும்" என்றான். உயிருள்ள இலைப்பரப்பில் கால் பங்குக்கு மேல் ஒரே வருடத்தில் எடுக்கக் கூடாது என்பது இந்தத் தொழிலில் பொதுவாகச் சொல்லப்படும் எல்லை. வயதான மரத்துக்கு அதுவே அதிகம். இலைதான் மரத்துக்குச் சமையலறை என்பது பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். இருந்தும் காசு கொடுக்கும்போது நமக்கு அது மறந்துபோய், தரையில் கிடக்கும் குவியலின் உயரத்தைத்தான் பார்க்கிறோம்.

மாமனாரின் அடுத்த யோசனை, உள்பக்கச் சிறு கிளைகளையாவது வழித்துச் சுத்தம் செய்யலாம் என்பது. அதற்கும் பொறுப்பாளர் ஒத்துக்கொள்ளவில்லை. உள்ளே இருக்கும் சிறு கிளைகளை எடுத்துவிட்டால் பாரம் முழுக்க நுனிக்குப் போய்விடும், காற்றில் நீளமாக ஆடும் கிளை சுலபமாக முறியும் என்றார். இத்தனை நாள் நிழலில் இருந்த பட்டையில் திடீரென்று வெயில் பட்டால் அது வெந்து வெடிக்கும் என்றும் சொன்னார். கிளையின் நீளத்தைக் குறைத்தே ஆக வேண்டிய இடங்களில், வெட்டும் கிளையின் பருமனில் மூன்றில் ஒரு பங்காவது இருக்கும் பக்கக்கிளை எங்கே பிரிகிறதோ அதுவரை வந்து வெட்டினார்கள். நடுவில் எங்கேயும் குச்சியாக நிறுத்தவில்லை. தூரத்திலிருந்து பார்த்தால் ரம்பம் பட்ட மரம் என்றே தெரியாது. மாமனாரின் குறையும் அதுதான்!

வெட்டும் விதத்தைக் கிட்டே நின்று பார்த்தேன். கனமான கிளையை ஒரே வெட்டில் எடுப்பதில்லை. அடிமரத்திலிருந்து ஒரு முழம் தள்ளி, முதலில் கிளையின் அடிப்பக்கத்தில் கொஞ்ச ஆழத்துக்கு ஒரு வெட்டு. அதைவிடச் சற்று வெளியே, மேலிருந்து இரண்டாவது வெட்டு. கிளை தன் பாரத்தில் விழும்போது அடிப்பட்டை அடிமரம் வரை உரிந்துகொண்டு வராமல் அந்த முதல் வெட்டு தடுத்துவிடும். மிச்சமிருக்கும் குட்டையான துண்டை மூன்றாவது வெட்டில் எடுக்கிறார்கள். அந்த மூன்றாவதில்தான் விஷயமே இருக்கிறது. கிளை அடிமரத்தோடு சேரும் இடத்தில் ஒரு புடைப்பு இருக்கும், கழுத்து என்பார்கள். வெட்டு அந்தக் கழுத்துக்கு வெளியே, அதை ஒட்டி விழ வேண்டும். கழுத்தையும் சேர்த்து அடிமரத்தோடு வழித்துவிடவும் கூடாது, முளை மாதிரி நீட்டியும் விடக் கூடாது. கூரைக்கு மேலே இருந்த பெரிய கிளைகளைக் கயிற்றில் கட்டி இறக்கினார்கள். 30 செ.மீ. பருமனும் 3 மீட்டர் நீளமும் உள்ள பச்சைக் கட்டை 200 கிலோவுக்குப் பக்கத்தில் வரும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தால், கயிற்றுக்கு அவர்கள் எடுத்துக்கொண்ட நேரம் நியாயம் என்று புரியும்.

இப்போது அந்த மூன்றாவது வெட்டின் பலனுக்கு வருகிறேன். மரத்தில் பட்ட காயம் ஆறுவதில்லை. கெட்ட கட்டையை மரம் உள்ளேயே தடுப்புப் போட்டு ஒதுக்கிவிட்டு, அதன்மேல் புதுக் கட்டை வளர்த்து மூடிவிடுகிறது. அமெரிக்க வனத்துறை விஞ்ஞானி அலெக்ஸ் ஷைகோ, ஏராளமான மரங்களைச் செயின்சாவால் பிளந்து உள்ளே அழுகல் எப்படிப் பரவுகிறது என்று பார்த்து, 1970களில் இதை விளக்கினார். கழுத்து கெடாமல் வெட்டச் சொல்வது அந்த ஆய்வுகளுக்குப் பிறகுதான் தொழிலில் ஊன்றியது. அதற்கு முன் அடிமரத்தோடு வழித்து வெட்டுவதையே சரியான முறை என்று கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் வேம்பில் இரண்டு விதத்தையும் பக்கத்துப் பக்கத்தில் பார்க்கலாம். இந்தக் குழு வெட்டிய இடங்களில் முதல் வருடமே விளிம்பில் பட்டை தடித்தது. மூன்றாம் வருடத்தில் காயத்தைச் சுற்றிலும் சும்மாடு சுருட்டி வைத்தது போல முழு வட்டமாகப் புதுக் கட்டை எழும்பி, நடுவில் சின்னக் குழி மட்டும் மிச்சமிருந்தது. சிறிய வெட்டுகள் இப்போது மொத்தமாக மூடி, எங்கே இருந்தன என்று தேட வேண்டியிருக்கிறது. பழைய ஆட்கள் அடிமரத்தோடு வழித்துவிட்ட இடங்களிலோ, இடமும் வலமும் மட்டும் தடித்து, மேலும் கீழும் மூடாமல் நீள்வட்டமாகத் திறந்து கிடக்கிறது. விரலை வைத்தால் உள்கட்டை பொடியாக உதிர்கிறது. எறும்பு வரிசையாகப் போய்வருகிறது. அவர்கள் பூசிய தார் மட்டும் விளிம்பில் கெட்டியாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. தார், பெயிண்ட் எல்லாம் அழுகலைத் தடுப்பதில்லை, ஈரத்தை உள்ளே பூட்டிவைத்துக் கெடுதலும் செய்யலாம் என்பது ஷைகோ காலத்திலேயே தெரிந்துவிட்டது. பழத்தோட்டங்களில் நோய்க்காக, மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ பசை தடவுவது வேறு கணக்கு, அதை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

மாமரத்தில் எனக்குப் பிடித்தது அவர்கள் நேரம் பார்த்து வந்ததுதான். மா பூப்பது முற்றிய கொப்பின் நுனியில். காய் இறக்கியவுடன் கவாத்து செய்தால் புதுக் கொப்பு வந்து முற்றிப் பூக்க அவகாசம் இருக்கும். தாமதமாக வெட்டினால் அந்தப் பருவத்தில் இலைதான் மிஞ்சும். இரண்டு கொப்புகளில் புல்லுருவி பிடித்திருந்தது. அதன் தழையை மட்டும் ஒடித்துப்போட்டால் திரும்ப முளைத்துவிடும் என்று, ஒட்டியிருந்த இடத்துக்குக் கீழே கொப்போடு எடுத்தார்கள். அதற்கப்புறம் அந்த மரத்தில் புல்லுருவியைப் பார்க்கவில்லை. மாம்பால் பட்டால் தோல் வெந்துபோகும் என்பதால் வெயிலிலும் முழுக்கைச் சட்டையோடுதான் ஏறினார்கள்.

புங்கனுக்கு வருடத்தில் கால் மணி நேர வேலைகூட இல்லை. உச்சிக்குப் போட்டியாகக் கிளம்பிய ஒரு கிளையைக் கை கத்தரிக்கோலால் நறுக்கினார்கள், அவ்வளவுதான். ஆனால் எல்லா வேலையிலும் எங்களுக்கு லாபமானது இதுதான் என்று நினைக்கிறேன். விரல் பருமனில் நறுக்கியது ஒரே பருவத்தில் மூடிவிட்டது. அதே கவட்டையை விட்டுவைத்திருந்தால் பத்து வருடம் கழித்து ரம்பமும் கயிறும் தேவைப்பட்டிருக்கும்.

குறைகள் இல்லாமல் இல்லை. பெரிய குறை, தேதி. காற்றுக்காலம் முடிந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் கூப்பிடுவார்களாம். வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும், சொன்ன தேதியும் தள்ளிப்போகும், நாம் போன் செய்தால்தான் அதுவும் தெரியவரும். ஒரு வருடம் வழக்கமான ஆட்களுக்குப் பதில் புதிதாக இருவரை அனுப்பினார்கள். அதில் ஒருவர் பூட்ஸில் இரும்பு முள் கட்டிக்கொண்டு வேம்பில் விறுவிறுவென்று ஏறிவிட்டார். அடியோடு வெட்டப்போகும் மரத்தில்தான் அப்படி ஏறலாம். நிற்கப்போகும் மரத்தில் ஒவ்வொரு முள் குத்தும் ஒரு காயம். கத்தி இறக்கிவிட்டேன். அதற்குள் ஆள் உயரத்துக்கு ஓட்டைகள் விழுந்து பிசின் வடிந்தது. பொறுப்பாளர் அடுத்த நாளே வந்து பார்த்தார், மன்னிப்புக் கேட்டார், அந்தமுறை பணம் வாங்கவில்லை. வேம்பு அந்த ஓட்டைகளை மூடிக்கொண்டது. நல்லவேளை அவர் தென்னைப் பக்கம் போகவில்லை. தென்னைக்குப் பருமனாகும் வளர்ச்சியே கிடையாது, அதனால் தண்டில் விழும் ஓட்டை கடைசிவரை ஓட்டைதான். தென்னையில் இவர்கள் காய்ந்த மட்டையை மட்டும்தான் எடுப்பார்கள், பச்சை மட்டையைத் தொடுவதில்லை.

மின்கம்பியைத் தொட்டுக்கொண்டிருந்த ஒரு வேப்பங்கிளையை எவ்வளவு கேட்டும் வெட்டவில்லை. மின்வாரியத்தில் சொல்லி இணைப்பை நிறுத்தினால்தான் ஏறுவோம் என்றார்கள். அதற்காக அலைந்தது எரிச்சலாக இருந்தாலும், இதைக் குறையில் சேர்க்க மாட்டேன்.

வெட்டியதை எந்திரத்தில் போட்டுச் சீவலாக்கித் தோட்டத்திலேயே கொட்டிவிட்டுப் போவார்கள். மூடாக்குக்கு அருமையான சரக்கு. அடிமரத்தில் முட்டாமல் ஒரு சாண் விட்டுப் பரப்ப வேண்டும், இல்லையென்றால் தூர் ஈரத்திலேயே ஊறிப் பட்டை கெடும். சின்னக் குச்சிகளையும் இலைகளையும் கூட்டுவது மட்டும் கடைசிவரை நம் தலையில்தான்.

ஆள் தேடுபவர்களுக்கு ஒன்று. சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்கலாம். 1924 முதல் இயங்கும் இன்டர்நேஷனல் சொசைட்டி ஆஃப் ஆர்பரிகல்ச்சர் போன்ற மரப் பராமரிப்பு அமைப்புகள் தேர்வு வைத்துக் கொடுக்கின்றன. ஆளுக்கும் பக்கத்து வீட்டுக் கூரைக்கும் காப்பீடு இருக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள். ஆனால் என் முதல் கேள்வி, மூன்று வருடத்துக்கு முன் நீங்கள் வெட்டிய மரம் எங்கே இருக்கிறது, காட்டுங்கள் என்பதாகத்தான் இருக்கும். போய் அண்ணாந்து பார்த்து, காயத்தைச் சுற்றி வட்டம் முழுசாக இருக்கிறதா என்று பாருங்கள். போன வாரம் வெட்டிய மரத்தின் போட்டோவை எத்தனை காட்டினாலும் அதில் ஒன்றும் தெரியாது.

மறுபடி இவர்களையே கூப்பிடுவேனா? கூப்பிடுவேன், கூப்பிட்டும் ஆயிற்று. காய் இறக்கியாகிவிட்டது, மாவுக்கு ஆள் கேட்டிருக்கிறேன். தேதி இன்னும் சொல்லவில்லை.